ஆறு மணிக் கேள்வி

பத்து ஊர்களில் பத்துப் பெரிய கணினிகள் சேர்ந்து கடலைப் படித்துக்கொண்டிருந்தன.

சேர்ந்து என்றால் ஒரே கூரையின் கீழ் அல்ல. சென்னையில் ஒன்று, ஜப்பானில் ஒன்று, மொரிஷியஸ் தீவில் ஒன்று என்று ஆளுக்கொரு மூலையில் இருந்தன. ஒவ்வொரு நாடும் தன் கடலைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைப் பூட்டி வைத்திருந்தது. கடற்படை எந்தப் பக்கம் சுற்றுகிறது, கடலடிப் பாறை மடைகளில் எதில் மீன் விழுகிறது என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனிடம் யார் கொடுப்பார்கள்? ஆனால் புயலுக்கு எல்லைக்கோடு தெரியாதே. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தகவல் அவரவர் வீட்டைத் தாண்டாது. ஒவ்வொரு கணினியும் தன் வீட்டுத் தகவலைத் தானே படிக்கும். படித்துக் கற்ற பாடத்தை மட்டும் எண்களாக மாற்றி மற்ற ஒன்பதுக்கும் அனுப்பும். பத்துப் பாடமும் கலந்து ஒரே அறிவாகும்.

சென்னைக் கணினிக்குப் பொறுப்பாளர் டெல்பின். ஒப்பந்தம் எழுதியபோது பெரிய அதிகாரிகளுக்கு அவள்தான் விளக்கினாள். "நாலு வீட்டு மருமகள்கள் மாதிரி சார். சமையலறைக்குள்ளே ஒருத்தி இன்னொருத்தியை விடமாட்டா. கைப்பக்குவத்தை மட்டும் போன்ல சொல்லிக்குவாங்க." அதிகாரிகள் சிரித்தார்கள், கையெழுத்தும் போட்டார்கள். சிரிக்க வைத்தால் காரியம் நடக்கும் என்பது டெல்பின் சர்க்கார் உத்தியோகத்தில் கற்ற முதல் பாடம்.

ஆனால் அவள் இந்த வேலைக்கு வந்தது புயலுக்காக அல்ல. அதை அவள் எந்த அதிகாரியிடமும் சொன்னதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு டிசம்பர் புயலில், அவளுடைய அண்ணன் ததேயுவின் படகு 'சகாய தீபம்' கன்னியாகுமரிக்கு மேற்கே ஆழ்கடலில் எஞ்சின் நின்று தத்தளித்தது. வழியில் வந்த சரக்குக் கப்பல் ஒன்று கயிறு போட்டு ஆறு பேரைத் தூக்கியது. ஏழாவதாக ஏற வேண்டியவன் ததேயு. படகோட்டி கடைசியில் ஏறுவதுதான் வழக்கம். அவன் கை வைப்பதற்குள் கயிறு அறுந்தது, அலை படகைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. செத்தான் என்று அழவும் முடியாமல், இருக்கிறான் என்று சிரிக்கவும் முடியாமல் வீடு அப்படியே நின்றுபோனது.

டெல்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் காபிக்கு முன்னால் கணினியிடம் அதே கேள்வியைக் கேட்பாள். இந்தத் தேதி, இந்த இடம், இந்தக் காற்று, எஞ்சின் நின்ற படகு. எங்கே போகும்? தெரியாது என்று சொல்ல அந்தக் கணினிக்கு வார்த்தை கிடையாது. தெரியாததை அது கடல் படத்தின்மேல் வெளிறிய சிவப்பாகப் பரப்பிக் காட்டும். எவ்வளவு தெரியாதோ அவ்வளவு பரப்பு. அவளுடைய கேள்விக்கு அது அரபிக்கடலில் பாதியைச் சிவப்பாக்கும். அவள் காபி குடிக்கப் போய்விடுவாள்.

இந்த ஜனவரியில் மொரிஷியஸ் பத்தாவதாகப் புதிதாகச் சேர்ந்தது. அதே சமயம் எல்லா வீடுகளும் பழைய பத்து வருஷத் தகவலைத் தங்கள் கணினிக்குப் படிக்கக் கொடுத்தன. பிப்ரவரி முதல் திங்கட்கிழமை டெல்பின் வழக்கம்போலக் கேட்டாள். அன்றைக்குச் சிவப்பு பரவவில்லை. ஒரு சின்னப் புள்ளியாகக் குவிந்து நின்றது.

அவள் நாள் நாளாக நகர்த்திப் பார்த்தாள். புள்ளி தெற்கும் மேற்குமாக நாற்பத்தோரு நாள் இழுபட்டது. நாற்பத்திரண்டாம் நாள், மாலத்தீவுகளின் தெற்குக் கோடியில், படத்தில் பெயர் எழுதக்கூட இடம் பற்றாத ஒரு பவளத் திட்டில் போய் நின்றது. நின்றதோடு விடவில்லை. சில நாள் திட்டின் வடக்கே, சில நாள் தெற்கே. ஜூன் மாதம் மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் திட்டின் கிழக்குப் பக்கத்துக்கு மாறியது. அக்டோபரில் மறுபடி மேற்கே வந்தது.

டெல்பின் மறுபடி முதல் நாளிலிருந்து நகர்த்திப் பார்த்தாள். ஆளில்லாத படகு காற்றுக்கு மறைவு தேடாது. அதில் ஒரு மனிதன் இருக்கிறான்.

யாரோ பார்த்திருக்கிறார்கள். எந்த நாட்டுக் கடற்படையோ, எந்தச் செயற்கைக்கோளோ, எட்டு வருஷமாக அண்ணனைப் பார்த்துக் குறித்து வைத்து, பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. தகவல் வெளியே வரவில்லை, கற்ற பாடம் மட்டும் கசிந்திருக்கிறது. அவளே சிரிக்கச் சிரிக்க விளக்கிக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம், இப்போது அவளுக்கும் அண்ணனுக்கும் நடுவில் சுவராக நின்றது.

அண்ணன் மனைவி செலினிடம் அவள் மூச்சுவிடவில்லை. பாதி நம்பிக்கையை ஒருத்தர் கையில் கொடுப்பது பாவம் என்று நினைத்தாள். ஆறு மாதம் அந்தப் புள்ளியோடு தனியாகவே இருந்தாள். பேருந்தில் போகும்போது அண்ணன் இப்போது என்ன சாப்பிடுவான் என்று யோசிப்பாள். தாடி எவ்வளவு நீளம் இருக்கும் என்று யோசிப்பாள். ஆகஸ்டில் பொறுக்க முடியாமல், மொரிஷியஸ் கணினிக்குப் பொறுப்பாளரான ரூபன் வீரசாமியைத் திரையில் கூப்பிட்டாள். ரூபனின் முப்பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து போனவர். பெயர் மட்டும் தங்கி, தமிழ் போய்விட்டிருந்தது. இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"நீங்க கேக்கறது ஒப்பந்தத்தையே உடைக்கிற கேள்வி, டெல்பின்," என்றார் ரூபன். "எங்க பெட்டியிலே என்ன இருக்குன்னு நான் சொன்னா, நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கதவைச் சாத்திட்டுப் போயிடுவாங்க. அடுத்த புயலுக்கு எவனுக்கும் எச்சரிக்கை இருக்காது."

"தெரியும். ஆனா அது என் அண்ணன், ரூபன்."

ரூபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒண்ணு சொல்றேன். இது எங்க பெட்டியில இருக்கறது இல்லை, நாங்க செஞ்ச வேலை. போன மாசம் மூணு பேரோட ஒரு படகு அந்தப் பக்கம் காணாமப் போச்சு. எங்கே தேடறதுன்னு நம்ம கணினிகிட்ட கேட்டோம். நீங்க சொல்ற அதே திட்டைக் காட்டிச்சு, அவ்வளவு உறுதியா. விமானம் ஒரு நாள் முழுக்க அதையே சுத்திச்சு. ஆளுங்க இறங்கியும் பாத்தாங்க."

டெல்பின் திரைக்கு அருகில் குனிந்தாள். "அங்கே என்ன இருந்தது?"

"மூணு தென்னை மரம். பறவை எச்சம். அடுப்புக்கரி இல்லை, கயிறு இல்லை, ஒரு போத்தல்கூட இல்லை. மனுஷன் கால் பட்ட இடமே இல்லை டெல்பின். மன்னிச்சுக்குங்க."

"அந்த மூணு பேர்?"

"மறுநாள் முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடைச்சாங்க. ரெண்டு பேர் உயிரோட. மூணாவது ஆள் முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் இருந்தாராம்."

முந்தின நாள் சாயங்காலம் விமானம் திட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

ரூபன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இல்லாத ஒண்ணை யாரோ ஒரு வீடு கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு. பெட்டியைத் திறக்காமலே அது எந்த வீடுன்னு கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு வீட்டுப் பாடமா விட்டுட்டு மத்த ஒன்பதையும் கலந்து பாப்போம். எந்த வீட்டை விட்டா புள்ளி மறையுதோ, அந்த வீடு."

பத்து நாள் ஆயிற்று. ஜப்பானை விட்டார்கள், புள்ளி நின்றது. மொரிஷியஸை விட்டார்கள், அப்போதும் நின்றது. ஒவ்வொரு நாடாக விட்டுப் பார்த்தபோதும் அது அசையவில்லை. பத்தாம் நாள் சென்னையை விட்டார்கள். புள்ளி கலைந்து, பழையபடி அரபிக்கடலில் பாதி சிவந்தது.

"உங்க வீடுதான்," என்றார் ரூபன். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் டெல்பினை அதிகம் சுட்டது.

சென்னையின் பெட்டியில் பெரும்பங்கு மீனவர்கள் கொடுத்த தகவல். மீன் விழும் இடம் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லக்கூடாத ரகசியம். ஆகவே ஒரு தனிப் படகின் பதிவை, அதைப் பதிந்தவர் சம்மதமில்லாமல், மனிதக் கண் பார்க்காது என்று கடலோர ஊர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். கணினி மட்டும் படிக்கும். டெல்பினால் பார்க்க முடிந்தது ஒரு பட்டியல்தான்: இன்னும் முடிவுறாத பயணங்கள், படகின் எண், எத்தனை நாளாக முடியவில்லை என்ற கணக்கு. எல்லாம் பன்னிரண்டு நாள், இருபது நாள். தலையில் நின்ற ஒன்று மட்டும் இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் நாள்.

படகின் எண்ணை அவள் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்கு மனப்பாடம்.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பத்து வருஷத்துக்கு முன்னால், முதல் வேலையில், படகுகளுக்கான அந்தச் செயலியை எழுதியவளே அவள்தான். சாயங்காலம் ஆறு மணிவரை படகிலிருந்து சமிக்ஞை வராவிட்டால், கரையில் இருக்கும் ஆளின் கைப்பேசியில் ஒரு கேள்வி வரும்: 'படகு எங்கே?' வயர்லெஸ்ஸில் கேட்டுப் படத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மூன்று நாள் பதில் இல்லையென்றால் படகு 'காணவில்லை' என்று பதிவாகிவிடும். காற்றும் நீரோட்டமும் பார்த்து, ஒரு நாளில் படகு போக முடியாத புள்ளியைச் செயலி ஏற்காது. தங்கச்சி எழுதியது என்று பெருமைக்காக முதன்முதலில் அதைப் போட்டுக்கொண்டவன் ததேயு. கரையிலிருக்கும் ஆள் என்ற இடத்தில் செலின் மைனியின் எண்ணை நிரப்பியது டெல்பினின் விரல்தான்.

வெள்ளிக்கிழமை நாகர்கோவில் ரயில் ஏறினாள்.

செலின் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பில், மாடி வீட்டில் தனியாக இருந்தாள். பிள்ளைகள் இல்லை. ஐஸ் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் வந்து நின்ற நாத்தனாரைப் பார்த்ததும், "ஏன் பிள்ளே, சொல்லாம கொள்ளாம?" என்று மீன் குழம்பைச் சூடாக்கத் தொடங்கினாள். டெல்பின் சாப்பிடும்வரை பேச்சை எடுக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "மைனி, ஆறு மணிக்கு போனு இன்னும் கேக்குதா?" என்றாள்.

செலின் தட்டை எடுத்த கையோடு நின்றாள். பிறகு தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். மறைக்கவில்லை.

"மொத நாளே கேட்டுது பிள்ளே, படகு எங்கேன்னு. மூணு நாளு பதிலு சொல்லலன்னா காணலன்னு எழுதிருவோம்னு கீழ போட்டிருந்துது. அவியளக் காணலன்னு நான் எப்பிடி ஒரு போனுக்குச் சொல்லுவேன்? அந்த மாசத்துல எஞ்சின் நின்னா எங்க இழுக்கும்னு அவிய எனக்குச் சொல்லித் தந்திருக்காவ. அதுபோல ஒரு புள்ளி வச்சேன். ஏத்துக்கிட்டுது."

"எட்டு வருசமாவா மைனி?"

"ஒரு நாளு வச்சா மறுநாளும் வைக்கணும்லா. நாப்பத்தோரு நாளு கடல்ல விட்டேன். எனக்கு ஒறக்கமே இல்ல. குடிக்கத் தண்ணி இல்லாத எடத்துல ஒரு மனுசனை எத்தன நாளு விடுவேன்? போனுல படத்தப் பெருசாக்கித் தேடித் தேடிப் பாத்தேன். ஒரு திட்டுல மூணு தென்ன நின்னுது. அங்கக் கொண்டு சேத்தேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கண்டேன்னு ஒரு நாளும் சொல்லல பிள்ளே. எங்கன்னுதான் அது கேட்டுது. எங்கன்னு சொன்னேன்."

டெல்பினுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பத்து நாடுகளின் இயந்திரங்களை ஒரு பெண் கைப்பேசியை வைத்துக்கொண்டு நம்ப வைத்திருக்கிறாள். பொய் சொல்லியல்ல, கடலைப் பிசகாமல் படித்து. இந்தப் பாடத்தை இவ்வளவு அக்கறையோடு எந்தக் கடற்படை எழுதியிருக்கும்?

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். விமானம் திட்டைச் சுற்றியது, மூன்று பேர், அதில் ஒருவர். செலின் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"செத்தவருக்குப் பெண்டாட்டி உண்டா?"

"உண்டு மைனி."

செலின் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பை மறுபடி துடைத்தாள். முதுகைக் காட்டியபடியே, "அழிச்சிரு," என்றாள். "என் சம்மதம் வேணும்னா எழுதித் தாறேன். எங்க அழிக்கணும்? இந்தப் போனுலயா?"

"போனுல மட்டும் இல்ல மைனி. இங்க கத்துக்கிட்டத மத்த எடத்துக்கும் சொல்லியாச்சு. பத்து ஊருலயும் மறக்க வைக்கணும்."

செலின் திரும்பினாள். "பத்து ஊருலயும் அவிய இருக்காவளா?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "இருக்காவ மைனி."

"எந்தெந்த ஊரு? சொல்லு."

டெல்பின் ஒவ்வொன்றாகச் சொன்னாள். செலின் விரல் மடக்கிக் கேட்டாள்.

"ஜப்பான்லயுமா?"

"ஜப்பான்லயும்."

"ஒங்க அண்ணனுக்குக் கொச்சி தாண்டுனா பேச்சு புரியாது," என்று சொல்லிச் செலின் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. ஆனால் அழவில்லை. எட்டு வருஷத்தில் மைனி அழுது டெல்பின் பார்த்ததில்லை.

"எப்பம் அழிப்பிய?"

"வியாழக்கிழம காலையில."

"இன்னைக்குச் சனி." செலின் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "நல்ல எஞ்சினா இருந்தா அங்கேருந்து இங்க நாலு நாளு ஓட்டம். புதன்கிழம சாயந்தரம் வந்து சேந்திருலாம்."

டெல்பினுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் தன் மடிக்கணினியைத் திறந்து, செலினிடம் சம்மதம் வாங்கி, அந்த ஒரு படகின் பதிவை மட்டும் கணினி படிக்காதபடி அடைத்தாள். இனி வைக்கும் புள்ளி எந்த ஊருக்கும் போகாது. "ம், வைங்க," என்றாள்.

ஆறு மணிக்குக் கைப்பேசி கேட்டது: 'படகு எங்கே?' செலின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எட்டு வருஷமாக நின்ற இடத்திலிருந்து புள்ளியை வடக்கே நகர்த்தினாள்.

"எஞ்சின் கெட்டுக் கெடந்ததே மைனி, எப்பிடி ஓடும்?"

"அதெல்லாம் அவிய பாத்துக்குவாவ," என்றாள் செலின், வெடுக்கென்று.

டெல்பின் ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குத் திரும்பினாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் செலின் ஆறு மணிக்குப் புள்ளி வைத்துவிட்டுப் போன் செய்தாள். எங்கே வந்தாகிவிட்டது, காற்று எப்படி என்று சொன்னாள். செவ்வாய்க்கிழமை, "நாளைக்கு இருட்டும்போ கலங்கரை வெளக்கு தெரிஞ்சிரும்," என்றாள். புதன்கிழமை பேச்சில் வேகம் இல்லை.

"பயணத்த முடிக்கணும்னா ரெண்டு பொத்தான்தான் காட்டுது பிள்ளே. காணவில்லை. கரை சேர்ந்தது. ரெண்டுல எதைத் தொட்டாலும் பொய்யில்லா? நடுவுல ஒண்ணு வச்சிருக்கப்பிடாதா?"

"அத எழுதும்போது எனக்கு இருவத்தாறு வயசு மைனி. நடுவுல ஒண்ணு உண்டுன்னு எனக்குத் தெரியாது."

மறுமுனையில் பொத்தான் தொடும் சத்தம் 'டிக்' என்று கேட்டது. பிறகு, "கரை சேந்ததையே தொட்டுட்டேன்," என்றாள் செலின். "பயணம் முடிந்தது, நன்றின்னு வருது." போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பத்து ஊர்களிலும் அந்த ஒரு படகின் பாடத்தை நீக்கி, கணினிகளுக்கு மறுபடி பயிற்சி தொடங்கினார்கள். மத்தியானம் மூன்றரைக்கு வேலை முடிந்தது. ரூபன் திரையில் வந்து, "எங்க பக்கம் முடிஞ்சது," என்றார். சற்றுத் தயங்கி, தமிழில் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் ஒன்றைத் தேடி எடுத்து, "அண்ணா," என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. டெல்பின் தலையசைத்தாள்.

திங்கட்கிழமை இல்லைதான். இருந்தாலும் ஐந்து மணிக்கு அவள் அதே கேள்வியைக் கேட்டாள். இந்தத் தேதி, இந்த இடம், இந்தக் காற்று. எங்கே போகும்? சிவப்பு கடலெங்கும் வெளிறிப் பரவியது, முன்பைவிட அகலமாக. காற்றுக்கு மறைவு தேடுகிற யாரும் அதில் இல்லை. ஆறு மாதம் தன்னோடு பேருந்தில் வந்த அண்ணன் எழுந்து போய்விட்டான் என்று அவளுக்குப் பட்டது. தனக்கு அவன் இரண்டாம் தடவையாகத் தொலைந்தான் என்பதை அவள் யாரிடம் சொல்வாள்? சொல்ல ஒருத்திதான் இருந்தாள்.

ஆறு மணி ஆயிற்று. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் இன்றைக்குக் கைப்பேசி எதையும் கேட்காது. அதை மேசைமேல் வைத்துக்கொண்டு மைனி உட்கார்ந்திருப்பாள் என்று டெல்பினுக்குத் தெரியும். அவளே கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் செலின்.

பிறகு டெல்பின் கேட்டாள். "மைனி, அண்ணன் எங்க?"

புள்ளி வைக்கப் படம் இல்லை, தொடப் பொத்தான் இல்லை, மூன்று நாள் கெடுவும் இல்லை. கேட்டது மனிதக் குரல்.

"தெரியல்ல பிள்ளே," என்றாள் செலின். "எனக்குத் தெரியல்ல."

சொல்லி முடித்ததும் அவள் அழத் தொடங்கினாள். எட்டு வருஷத்து அழுகை, நிற்காமல் வந்தது. டெல்பினும் மேசையில் தலை கவிழ்த்து அழுதாள். ஆறரை வரை இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

மறுநாளும் ஆறு மணிக்கு டெல்பின் கூப்பிட்டாள்.